கிளாக்கோமா லேசருக்குப் பிறகு கண் சிவந்து கூசுகிறது: ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடரலாமா, நிறுத்தலாமா?

தாமிரபரணிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. படிக்கும் கண்ணாடியை மாற்றலாம் என்று கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, இரண்டு கண்களிலும் உள்நீர் வடியும் கோணம் குறுகியிருப்பதாகவும், வலது கண்ணின் அழுத்தம் 26, இடது கண்ணின் அழுத்தம் 20 என்றும் சொன்னார்கள். பார்வை நரம்பில் இதுவரை சேதம் எதுவும் தெரியவில்லையாம். கோணம் முழுவதும் அடைபட்டுவிடாமல் இருக்க, கண்பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் படலத்தில் லேசரால் சிறு துளை இட வேண்டும் என்று விளக்கி, முதலில் வலது கண்ணுக்குச் செய்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே சில நிமிடங்களில் முடிந்தது. ஒரு மணி நேரம் இருக்க வைத்து, மறுபடியும் அழுத்தம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிரட்னிசோலோன் அசிடேட் சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு நான்கு வேளை என்று ஒரு வாரத்துக்கும், அழுத்தத்தைக் குறைக்கும் வேறொரு சொட்டு மருந்தைக் காலையும் மாலையுமாகவும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இதற்கிடையில் வீட்டுக்கு வந்த சித்தப்பா, அவருக்கும் பல ஆண்டுகளாகக் கிளாக்கோமா (கண் அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) இருப்பதால், மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, இது கண் அழுத்தத்தை ஏற்றும் என்று இவர்களே அச்சடித்திருக்கிறார்கள். அழுத்தத்துக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் இதையா கொடுப்பார்கள்?" என்று கேட்டார். அன்று இரவே அம்மா அந்தப் புட்டியை மூடி வைத்துவிட்டார். மற்ற மருந்தை மட்டும் விட்டுக்கொண்டு வந்தோம்.

நேற்றிலிருந்து வலது கண், கருவிழியைச் சுற்றி வளையம் போட்டது போலச் சிவந்திருக்கிறது. வாசல் பக்கம் வந்தாலே கண் கூசுகிறது என்று கையால் மறைத்துக்கொள்கிறார். புருவத்துக்கு மேல் மந்தமான வலி இருக்கிறது. பார்வை சற்று மங்கலாக இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் வாந்தியோ கடுமையான வலியோ இல்லை. பக்கத்து மருந்துக் கடையில் கேட்டபோது, "சிவப்புக்கு இது நன்றாகக் கேட்கும்" என்று வேறொரு சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். அதை இன்னும் பிரிக்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவைதாம். லேசருக்குப் பிறகு இப்படி அழற்சி வருவது வழக்கமானதா? நிறுத்திய ஸ்டீராய்டு மருந்தை நாங்களே மறுபடியும் தொடங்கலாமா? மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது, மறுபரிசோதனைக்கு அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கலாமா? இடது கண்ணுக்கும் லேசர் செய்ய வேண்டும் என்கிறார்கள், அதைத் தவிர்த்துவிடலாமா என்றும் அம்மா கேட்கிறார்.

---

விழிநலம் எழுதியது:

கண் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். இன்று முடிந்தால் இன்று, இல்லாவிட்டால் நாளைக் காலை முதல் வேலையாக அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். லேசர் செய்த மருத்துவமனைக்கே செல்வது நல்லது. அது இயலாவிட்டால் ஸ்லிட் லேம்பும் (கண்ணின் உட்பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவி) அழுத்தம் பார்க்கும் கருவியும் உள்ள அருகிலுள்ள எந்தக் கண் மருத்துவரிடமும் காட்டலாம். புறப்படுவதற்கு முன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லுங்கள். பழைய மருந்தை இப்போதே ஒரு சொட்டு விடலாமா என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இனி ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சொல்கிறேன். ஐரிஸ் என்பது ரத்த நாளங்களும் நிறமிகளும் நிறைந்த மெல்லிய தசைப்படலம். உங்கள் அம்மாவுக்குச் செய்த லேசர், ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஓரிடத்தில் சக்தியைக் குவித்து, அந்தப் படலத்தை வெடிக்கச் செய்து துளையிடுகிறது. துளையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். அது திறந்தவுடன், ஐரிஸுக்குப் பின்னால் தேங்கியிருந்த நீர் நிறமித் துகள்களோடு கலந்து புகை போல முன்பக்கம் பாய்வதை மருத்துவர் நேரில் பார்க்க முடியும். அந்தத் துகள்களும் சிதைந்த திசுவும் கண்ணின் முன்னறையில் மிதக்கும்போது, உடல் அவற்றை அப்புறப்படுத்த வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அழற்சி என்பது இதுதான். ஆகவே லேசருக்குப் பிறகு சில நாள்களுக்கு லேசான அழற்சி இருப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவானது. நம்மைப் போன்ற அடர் பழுப்பு நிறக் கண்களில் ஐரிஸ் தடிப்பாக இருப்பதால் துளையிடக் கூடுதல் சக்தி தேவைப்படுகிறது, சிதறும் நிறமியும் கூடுதல், அதனால் அழற்சியும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். நீலக் கண்களை வைத்து எழுதப்பட்ட இணையக் குறிப்புகளைப் படித்துவிட்டு "இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று போட்டிருக்கிறதே" என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் பலர்.

லேசர் அன்று வரும் புருவ வலி வேறு. கண்பாவையைச் சுருக்குவதற்காக லேசருக்கு முன் விடும் பைலோகார்ப்பின் மருந்தால் அது வருகிறது, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு நேற்றுத்தான் தொடங்கிய வலியும், கருவிழியை ஒட்டிய வளையச் சிவப்பும், வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வந்திருப்பதால், அடங்கிக்கொண்டிருந்த அழற்சி மருந்தை நிறுத்தியதும் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. துளை அடைபட்டு அழுத்தம் ஏறியிருந்தாலும் இதே போன்ற அறிகுறிகள் வரலாம் என்பதால்தான் உடனே காட்டச் சொல்கிறேன். விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரிவது, கண்ணோடு சேர்ந்து தலையும் பிளப்பது போன்ற வலி, குமட்டல் அல்லது வாந்தி, பார்வை சட்டென்று குறைவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உங்கள் சித்தப்பா சொன்னதில் பொய் இல்லை. ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும். ஆனால் எப்போது, எவ்வளவு நாளில் என்பதை அந்தத் தாள் அவருக்குச் சொல்லவில்லை. ஸ்டீராய்டு மருந்து கண்ணின் வடிகால் வலையில் மெல்ல மாற்றங்களை உண்டாக்கி, நீர் வடிவதைத் தடுப்பதால்தான் அழுத்தம் ஏறுகிறது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து விட வேண்டும். பொதுமக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, பல வாரங்கள் தொடர்ந்து விட்டால், ஓரளவு அழுத்தம் கூடுகிறது. நூற்றுக்கு ஐந்து ஆறு பேருக்கு அது மிகக் கடுமையாகக் கூடுகிறது. கிளாக்கோமா உள்ளவர்களிடம் இந்தப் போக்கு மிக அதிகம். ஆகவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விடுவதற்கு அவர் அஞ்சுவது சரியே. ஒரு வாரத்துக்கு, அதுவும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்ததற்கு அஞ்சியது மிகை.

நிறுத்தினால் என்ன கெடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். அடங்காத அழற்சியில் ஐரிஸின் விளிம்பு அதன் பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். கண்பாவை வட்டமாக விரியாமல் கோணல் மாணலாகிவிடும். அந்த ஒட்டுகள் கூடினால் நீர் வரும் வழி அடைபட்டு, எந்த அழுத்தத்தைத் தடுக்க லேசர் செய்தோமோ அதே அழுத்தம் வேறு வாசல் வழியாக வந்து சேரும். துளையே அழற்சிக் கசிவாலும் நிறமியாலும் மூடிக்கொள்வதும் உண்டு. ஆகவே ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவதும், அடங்கவில்லையே என்று தானாக நீட்டிப்பதும் இரண்டும் ஆபத்து. மருத்துவர் சொன்ன நாள் வரை விடுவது, சொன்ன நாளில் அழுத்தம் பார்த்துக்கொள்வது என்ற இரண்டும் சேர்ந்துதான் சிகிச்சை.

மருந்துக் கடையில் கொடுத்த புட்டியைத் திறக்கவே வேண்டாம். "சிவப்புக்கு" என்று கொடுப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்தது. கிருமித் தொற்று இல்லாத இந்த அழற்சிக்கு ஆன்டிபயாட்டிக்கால் பயனில்லை, ஸ்டீராய்டோ அளவு தெரியாமல் போய்ச் சேரும். மற்றொன்று, ரத்த நாளங்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும் நாஃபசோலின் போன்றது. அது கண்பாவையை விரிக்கக்கூடியது என்பதால், கோணம் குறுகிய கண்களுக்கு ஆகாதது.

இடது கண்ணைப் பற்றி, அம்மாவைப் பரிசோதித்து மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், பிறகு பேசலாம்.

---

குரோய்டன் தமிழன் எழுதியது:

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. எனக்கும் கிளாக்கோமாவுக்கு இரண்டு கண்களிலும் லேசர் செய்தார்கள். எனக்கு ஸ்டீராய்டு மருந்து எதுவும் தரவில்லை. கண்ணுக்குள் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும், வெயிலில் நடந்தால் மெல்லிய வலியும் சில நாள்கள் இருந்தன. பாரசிட்டமால் போட்டுக்கொண்டேன், தானாகவே போய்விட்டது. எனவே எல்லோருக்கும் இந்த மருந்து கட்டாயம் என்று சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

இங்கே இப்போது திறந்த கோண வகைக்குச் சொட்டு மருந்தை விட லேசரையே முதலில் பரிந்துரைக்கிறார்கள். லைட் என்ற பெயரில் பிரிட்டனில் 718 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, அதன் முடிவுகள் 2019-இல் லான்செட் இதழில் வந்தன. முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் மூன்று ஆண்டுகள் கழித்தும் சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். அதைத் தொடர்ந்து 2022-இல் இங்குள்ள அரசு வழிகாட்டுதலையும் மாற்றினார்கள். ஆகவே அம்மா லேசர் என்றாலே அஞ்சத் தேவையில்லை.

---

விழிநலம் எழுதியது:

குரோய்டன் நண்பர் சொன்ன ஆய்வு சரியானது. ஆனால் அவருக்குச் செய்ததும் இந்த அம்மாவுக்குச் செய்ததும் வெவ்வேறு சிகிச்சைகள், இரண்டையும் "லேசர்" என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் வரும் குழப்பம் இது. அவருக்குக் கோணம் திறந்திருக்கிறது, வடிகால் வலைதான் மந்தமாக வேலை செய்கிறது. அந்த வலையிலுள்ள நிறமி அணுக்களை மட்டும் தேர்ந்து தாக்கும் லேசரை, எதையும் வெட்டாமல் துளைக்காமல், அதன் மேல் பாய்ச்சுகிறார்கள். அதனால் எழும் மெல்லிய அழற்சியே வலையைச் சுத்தம் செய்ய உதவுகிறது என்று கருதி, ஸ்டீராய்டு கொடுத்து அதை அடக்கக் கூடாது என்று பல மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். அவருக்கு மருந்து தராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அந்த நம்பிக்கையும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. சால்ட் என்ற ஆய்வில், அந்த வகை லேசர் செய்துகொண்டவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டும், ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டு அல்லாத கீட்டோரொலாக்கும், மூன்றாம் பிரிவினருக்கு மருந்தில்லாத சொட்டு நீரும் சில நாள்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். 12 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, மருந்து விட்ட இரு பிரிவினருக்கும் அழுத்தம் கூடுதலாகவே குறைந்திருந்தது. ஆகவே மருந்து கொடுப்பவரும் கொடுக்காதவரும் உண்டு, அது அந்த லேசருக்கு. ஐரிஸில் துளையிடும் லேசருக்குப் பிறகு அழற்சியை அடக்கும் மருந்து தராமல் அனுப்புவது வழக்கமில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களும் தங்களுக்கு எந்த லேசர் செய்தார்கள் என்பதை மருத்துவச் சீட்டில் பெயரோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை வேறொரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

---

நந்தவனம் எழுதியது:

எங்கள் ஊரில் கண் சிவந்தால் நந்தியாவட்டைப் பூவை இரவில் கண்ணின் மேல் வைத்துக் கட்டுவார்கள், சூடு இறங்கிவிடும். தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டாலும் குணம் தெரியும். ஸ்டீராய்டுக்கு அஞ்சுபவர்கள் இதைச் செய்து பார்க்கலாமே? பக்கவிளைவு கிடையாது.

---

கோவை மருந்தாளுநர் எழுதியது:

நந்தவனம் அவர்களுக்கு: மூடிய இமையின் மேல் பூவை வைப்பது குளிர்ச்சியாக இருக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தச் சிவப்பு கண்ணின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. பூ அங்கே போய்ச் சேராது. தாய்ப்பாலில் கிருமி நீக்கம் செய்யப்பட்டிருப்பதில்லை, ஏற்கெனவே அழற்சி உள்ள கண்ணில் அதை விடுவதால் தொற்று வரலாம். தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்.

மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்துகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் இருப்பவை, பெட்டியின் மேல் சிவப்புக் கோடும் எச்சரிக்கை வாசகமும் அச்சிடப்பட்டிருக்கும். நடைமுறையில் கடைக்கு வந்து "கண் அரிக்குது, போன தடவை கொடுத்ததே கொடுங்க" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடும் கடைகள் பல இருக்கின்றன. ஒவ்வாமையால் கோடையில் கண் அரிக்கும் சிறுவர்களுக்குப் பெற்றோர் இதை வாங்கி ஆண்டுக்கணக்கில் விட்டு, அரிப்பு உடனே அடங்குவதால் மகிழ்ந்து, பிள்ளையின் பார்வை வட்டம் சுருங்கிய பிறகே மருத்துவரிடம் வரும் கொடுமை நம் நாட்டில் நடக்கிறது. தாமிரபரணிவாசியின் சித்தப்பா அஞ்ச வேண்டியது இந்த வகைப் பயன்பாட்டைக் கண்டுதான். மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்ததையும் கடையில் கேட்டு வாங்கியதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

மருந்தை விடும் முறையிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் "விட்டும் கேட்கவில்லை" என்று வருபவர்களில் பலர் சரியாக விடுவதில்லை. பிரட்னிசோலோன் அசிடேட் நீரில் கரையாத தூளாக மிதக்கும் மருந்து. குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கிவிடும், கண்ணில் விழுவது வெறும் நீராக இருக்கும், புட்டி தீரும் நேரத்தில் மிகையான மருந்து விழும். ஆகவே ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். கீழிமையைச் சற்றே இழுத்துப் பள்ளமாக்கி அதில் ஒரு சொட்டு விட்டால் போதும், இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழியத்தான் போகிறது. பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரல் நுனியால் ஓரிரு நிமிடங்கள் அழுத்திக்கொண்டால், மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே தங்கும். டிமோலால் போன்ற அழுத்த மருந்து விடுபவர்களுக்கு இது மிக முக்கியம். அது மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்தால் நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். இரண்டு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும். புட்டியின் முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது. திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி வைத்து, ஒரு மாதமானதும் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

---

தாமிரபரணிவாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. விழிநலம் ஐயா சொன்னபடி மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினோம். காத்திருக்காமல் மறுநாளே வரச் சொன்னார்கள், வரும் வரை பழைய சொட்டு மருந்தை முன்பு போலவே விடச் சொன்னார்கள். போனவுடன் முதலில் அழுத்தம் பார்த்தார்கள். வலது கண்ணில் 18 இருந்தது. பிறகு மருத்துவர் அறையின் விளக்கை முழுவதுமாக அணைத்துவிட்டு, அம்மாவை ஸ்லிட் லேம்பில் தாடையை வைக்கச் சொல்லி, மிக மெல்லிய ஒளிக்கற்றையைச் சாய்வாகப் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார். பக்கத்திலிருந்த பயிற்சி மருத்துவரிடம் அவர் விளக்கியதை நானும் கேட்டேன். இருட்டறையில் கூரை ஓட்டின் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பது போல, கண்ணின் முன்னறையில் அணுக்கள் மிதப்பது அந்த ஒளியில் தெரியும் என்றார். ஒரு மில்லிமீட்டர் சதுரமுள்ள ஒளிக்கற்றைக்குள் எத்தனை அணுக்கள் தெரிகின்றன என்று எண்ணித்தான் அழற்சியின் அளவைக் குறிக்கிறார்கள் என்றும், அம்மாவுக்கு இரண்டாம் நிலை, அதாவது 16 முதல் 25 வரை தெரிகின்றன என்றும் சொன்னார். லேசர் துளை திறந்தே இருக்கிறதாம், ஐரிஸ் எங்கும் லென்ஸோடு ஒட்டவில்லையாம்.

விழித்திருக்கும் நேரங்களில் இரண்டு மணிக்கு ஒரு முறை பிரட்னிசோலோன் விடச் சொல்லி, பிறகு ஆறு வேளை, நான்கு வேளை என்று படிப்படியாகக் குறைக்கும்படி தேதி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அழுத்த மருந்தைத் தொடரச் சொன்னார்கள். மருந்துக் கடையில் கொடுத்த புட்டியையும் காட்டினேன், டெக்சாமெத்தசோனும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்ததுதான். அம்மாவுக்கு இப்போது வலி இல்லை, கூச்சமும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. சித்தப்பா இன்னும் முழுமையாகச் சமாதானம் ஆகவில்லை, "இரண்டு மணிக்கு ஒரு தடவையா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இரண்டு ஐயங்கள் பாக்கி இருக்கின்றன. இப்போது மொத்தத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு விட வேண்டியிருக்கும் போலிருக்கிறது, அதனால் அழுத்தம் ஏறினால் எங்களுக்கு எப்படித் தெரியும்? இடது கண்ணுக்கான லேசரை இந்தக் கண் அடங்கும் வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். அதைச் செய்துதான் ஆக வேண்டுமா?

---

விழிநலம் எழுதியது:

நல்ல செய்தி. அழுத்தம் 18 என்பதும், துளை திறந்திருப்பதும், ஒட்டுகள் இல்லாததும் மூன்றுமே நிம்மதி தருபவை. இரண்டு மணிக்கு ஒரு முறை என்பது பார்ப்பதற்குப் பயமாகத் தெரியும். ஆனால் அழற்சியைக் குறைவான மருந்தால் நீண்ட நாள் இழுத்துக்கொண்டிருப்பதை விட, தொடக்கத்திலேயே ஓங்கி அடக்கிவிட்டுப் படிப்படியாக இறங்குவதே கண்ணுக்கு நல்லது, ஸ்டீராய்டு விடும் மொத்த நாள்களும் அதனால் குறையும். இதைச் சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் கிளாக்கோமா இருப்பதால், தம் கண்களைப் பற்றி மருத்துவரிடம் இதே கேள்விகளைக் கேட்கும் ஆர்வம் அவருக்கு வந்தால் அதுவும் நல்லதே.

அழுத்தம் ஏறுவது உங்களுக்குத் தெரியாது என்பதே நேர்மையான பதில். ஸ்டீராய்டால் ஏறும் அழுத்தம் மெதுவாக ஏறுவதால் வலிக்காது, சிவக்காது, பார்வை மங்காது. கருவியால் அளந்தால்தான் தெரியும். ஆகவே இரண்டாவது வாரத்தின் இறுதியில் ஒரு முறையும், மருந்து முடியும்போது ஒரு முறையும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டரை மணி நேரப் பயணம் கடினமென்றால், இடைப்பட்ட அளவீட்டை மட்டும் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கண் மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு, எண்ணைத் தொலைபேசியில் தெரிவிக்கலாமா என்று மருத்துவமனையில் கேட்டுவையுங்கள். ஒருவேளை ஏறினாலும் வழியற்றுப் போவதில்லை. லோட்டிபிரட்னால், புளோரோமெத்தலோன் போன்ற அழுத்தத்தை அவ்வளவாக ஏற்றாத ஸ்டீராய்டுகளுக்கு மாற்றலாம், அழுத்தத்துக்கு இன்னொரு சொட்டு மருந்தைச் சேர்க்கலாம். குறுகிய காலத்தில் நிறுத்திவிட்டால் ஏறிய அழுத்தம் பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கிவிடும். அழுத்தத்துக்கு விடும் மருந்து லாட்டனோபிராஸ்ட் வகையாக இருந்தால், அது அழற்சியைச் சற்றுத் தூண்டக்கூடியது என்பதால் இப்போதைக்கு அதை மாற்ற வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். காலையும் மாலையும் விடுவதாக நீங்கள் எழுதியிருப்பதால் அது அந்த வகையாக இருக்க வாய்ப்பில்லை, அந்த வகை இரவில் ஒரு வேளை மட்டும் விடுவது.

இடது கண் விஷயம் சற்று விரிவானது. கோணம் குறுகியிருக்கும் எல்லோருக்கும் லேசர் தேவையா என்பது மருத்துவ உலகில் அண்மையில் மறுபரிசீலனைக்கு வந்திருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 889 பேரை வைத்து, ஒவ்வொருவரின் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர் செய்து, மற்றொன்றை அப்படியே விட்டு, ஆறு ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதன் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. லேசர் செய்த கண்களில் நோய் முற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் லேசர் செய்யாமல் விட்ட கண்களிலும் அது மிகக் குறைவானவர்களுக்கே நேர்ந்தது, அதிலும் பார்வைக்குக் கேடு வரும் அளவுக்குப் போனவர்கள் மிகச் சிலரே. அதனால் வெறுமனே கோணம் குறுகியிருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் லேசர் செய்ய வேண்டியதில்லை என்று அவர்கள் எழுதினார்கள்.

உங்கள் அம்மாவின் நிலை அதே அல்ல. வலது கண்ணில் அழுத்தமே ஏறியிருந்தது, ஆகவே அந்தக் கண்ணுக்கு லேசர் செய்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். இடது கண்ணின் 20 என்பது இயல்பு வரம்பான 21-க்குள் இருந்தாலும் விளிம்பில் நிற்கிறது. கூடவே மருத்துவமனையும் தொலைவில் இருக்கிறது. திடீரென்று கோணம் மூடி இரவில் வலி வந்தால் உடனே சிகிச்சை கிடைக்காது என்பதை மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், நானாக இருந்தாலும் எடுத்துக்கொள்வேன். கோணமானியை வைத்துப் பார்த்தபோது இடது கண்ணில் எத்தனை பங்கு மூடியிருந்தது, ஐரிஸ் எங்காவது ஒட்டியிருந்ததா என்று கேளுங்கள். ஒட்டு இருந்தால் லேசருக்கான காரணம் வலுவாகிவிடும்.

இன்னொரு வழியையும் கேட்கலாம். 63 வயதில் கண்புரை ஓரளவு தொடங்கியிருக்கும். புரையேறித் தடித்த லென்ஸை எடுத்துவிட்டு மெல்லிய செயற்கை லென்ஸை வைத்தாலே கோணம் நன்றாகத் திறந்துவிடுகிறது. ஈகிள் என்ற ஆய்வில், 419 பேரை வைத்து லேசரையும் லென்ஸ் அறுவைச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டபோது, அறுவைச் சிகிச்சையே மேலாக இருந்தது. ஆனால் அவர்கள் சேர்த்துக்கொண்டது அழுத்தம் 30-ஐ எட்டியவர்களையும் நரம்பு சேதம் தொடங்கியவர்களையும்தான். உங்கள் அம்மாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பார்வை மங்கலுக்குப் புரையும் ஒரு காரணம் என்று மருத்துவர் சொன்னால் மட்டும் அந்தப் பேச்சை எடுங்கள்.

இடது கண்ணுக்கு லேசர்தான் என்று முடிவானால், வலது கண்ணில் அழற்சி திரும்ப வந்ததை முன்கூட்டியே நினைவூட்டுங்கள். லேசர் அன்றே ஸ்டீராய்டைச் சற்றுக் கூடுதல் வேளைகளாகத் தொடங்கி, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு முறை பார்த்துவிடச் சொல்லலாம். அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரையோ, மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ வேறு எந்த வடிவிலாவது ஸ்டீராய்டு எடுக்கும் பழக்கமோ இருந்தால் அதையும் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.